ஆள் நிலைக்கிற பல் கிளினிக்: புதிதாகத் தொடங்கும் பல் மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

மாலை 7 மணி. இரண்டு சேரிலும் நோயாளி, வெளியே ஐந்தாறு பேர். டாக்டர் பல் எடுக்கிற செட்டுக்குக் கை நீட்டுகிறார். அசிஸ்டென்ட் எடுத்த பவுச்சின் (கருவி அடைத்த உறை) ஓரத்தில் இருக்கும் இண்டிகேட்டர் நிறம் மாறவில்லை. கருவியை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவுக்குள் அந்த பவுச் போகவே இல்லை. "சார், இது ஓடலை, வேற செட் எடுத்துட்டு வரேன்" என்று அவர் சொல்லலாம். பேசாமல் பிரித்தும் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

அந்த நொடியில் அவர் எதைச் செய்கிறார் என்பதில்தான் உங்கள் பணியாளர் நிர்வாகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சொன்னால் திட்டு விழும் என்று ஆறு மாதமாகப் பழகியவர் சொல்ல மாட்டார். மூன்று வாரத்தில் வேலைக்குப் பழகியவருக்குச் சொல்லவே தெரியாது. கையில் வேறு செட் இல்லாத கிளினிக்கில் சொல்லியும் பயனில்லை. ஊழியர் மனநிலை என்றவுடன் பிறந்தநாள் கேக்கும் ஆண்டுக்கொரு சுற்றுலாவும்தான் பலருக்கு நினைவு வருகின்றன. அவை நல்லவைதான். ஆனால் ஆள் நிலைப்பதையும் உண்மை பேசுவதையும் முடிவு செய்பவை வேறு: வேலை நேரம், சம்பளத் தேதி, போதுமான கருவி, டாக்டரின் வாய்.

தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊரில் இரண்டு சேர் போட்டுத் தொடங்கும் கிளினிக்கை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது: உரிமையாளரான டாக்டர், இரண்டு அசிஸ்டென்ட், ரிசப்ஷனில் ஒருவர், காலையும் இரவும் வந்து போகும் துப்புரவுப் பணியாளர், வாரக் கடைசியில் வரும் சிறப்பு மருத்துவர்களான கன்சல்டன்ட்கள்.

ஆளைத் தேடும் முன் கருவியை எண்ணுங்கள்

புதுக் கிளினிக்குகளில் அசிஸ்டென்ட் சோர்ந்துபோக முதல் காரணம் ஆள் குறைவு என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் காரணம் கருவி குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 5 முதல் 8.30 வரை, இரண்டு சேர், ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் என்றால் 14 பேர். ஒவ்வொருவருக்கும் மிரர், ப்ரோப், ட்வீசர், ட்ரே கொண்ட ஒரு அடிப்படை செட் வேண்டும். ஒரு செட் பயன்பட்டபின் ஊறவைக்க, தேய்க்க, அல்ட்ராசோனிக்கில் போட, துடைத்துக் காயவைத்து பவுச்சில் அடைக்க அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆட்டோகிளேவ் சூடேறி, ஓடி, உலர்ந்து முடிய முக்கால் மணி நேரம். ஆற வேண்டும். ஆகமொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒரு மாலையில் ஒரு செட் ஒரு முறைதான் திரும்பி வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆறு செட் வைத்துக்கொண்டு 14 பேரைப் பார்த்தால் நடப்பது இதுதான்: உலர்த்தும் நேரத்தை அசிஸ்டென்ட் வெட்டுவார். ஈரமான பவுச் வெளியே வரும். ஈரத் தாள் வழியே கிருமி உள்ளே போகும், ஆகவே ஈர பவுச்சை ஸ்டெரைல் என்று எண்ணக் கூடாது. அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுப்பார். தவறு செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் செய்கிறவருக்கு வேலையின் மேல் மதிப்பு எங்கிருந்து வரும்? இரண்டு சேருக்கு 10 செட் குறைந்தபட்சம், 14 இருந்தால் நிம்மதி. பல்லைக் குடையும் ஏரோட்டார் ஹேண்ட்பீஸ் குறைந்தது நான்கு வேண்டும், ஆறு நல்லது. ஒவ்வொரு நோயாளிக்கும் எண்ணெய் விட்டு ஆட்டோகிளேவ் செய்யச் சொல்லிவிட்டு இரண்டே ஹேண்ட்பீஸ் வாங்கிக் கொடுத்தால், அது உத்தரவே ஆகாது.

இருக்கை இன்னொன்று. டாக்டருக்கு ஸ்டூல் இருக்கும்; அசிஸ்டென்ட் நான்கு மணி நேரம் வளைந்து நின்றபடி, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடிப்பார். அசிஸ்டென்டுக்கும் கால் வைக்க வளையம் உள்ள ஸ்டூல் வாங்குங்கள். டாக்டரின் கண் மட்டத்தைவிட 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் அவர் உட்கார்ந்தால் வாய்க்குள் பார்வை தெளிவாகக் கிடைக்கும். கேஸ் வேகமாக முடிவதும் அதனால்தான்.

ஆள் எடுப்பது

அசிஸ்டென்ட் வேலைக்கு வருபவர்களில் பலர் பிளஸ் டூ முடித்த இளம்பெண்கள், அல்லது குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வேலை தேடும் தாய்மார்கள். இரண்டாவது வகையினரைப் பலர் தவிர்க்கிறார்கள். தவிர்க்க வேண்டாம். கல்யாணம் ஆனதும் நின்றுவிடுவாரோ என்ற கவலை இவர்களிடம் இல்லை, வீட்டை நடத்திய அனுபவம் ஸ்டெரிலைசேஷன் அறையில் கைகொடுக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல. "எந்த ஊர்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" கிளினிக் 9 மணிக்கு முடிகிறது, அவருடைய ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 8.40 என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எட்டரையிலிருந்து கடிகாரத்தைத்தான் பார்ப்பார். அப்படி ஒருவரைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய நேரத்தை 8.20-க்கு முடித்து எழுதிக் கொடுங்கள். கடைசி நாற்பது நிமிடத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டு நாள் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுங்கள். ரத்தம் பார்த்து மயக்கம் வருகிறதா, எச்சில் துப்பிய கிண்ணத்தைக் கழுவ மனம் ஒப்புகிறதா என்பது நேர்காணலில் தெரியாது. இரண்டாம் நாள் மாலை வீட்டிலிருந்து அம்மாவையோ கணவரையோ வரச் சொல்லி இடத்தைக் காட்டுங்கள். எந்த அறையில் வேலை, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு விடுவோம் என்று நேரில் சொல்லுங்கள். சிற்றூர்களில் பெண் வேலைக்குப் போவதை வீடு சேர்ந்துதான் முடிவு செய்கிறது. வீட்டுக்குத் தெரிந்த இடத்திலிருந்து திடீரென நிற்பது அரிது.

மதிப்பெண் சான்றிதழின் ஒரிஜினலை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். பயத்தால் வேலையில் இருக்கிறவரிடம் உண்மையை எதிர்பார்க்க முடியாது. நகல் போதும். பதிலுக்கு நீங்கள் ஒரு பக்க நியமனக் கடிதம் கொடுங்கள், தமிழில். சம்பளம், சம்பளத் தேதி, வேலை நேரம், வார விடுமுறை, ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு, நிற்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் (30 நாள் நியாயம்) என ஆறு வரி போதும். சம்பளத்தை முடிவு செய்யும் முன் தனியார் மருத்துவமனைப் பணிகளுக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைப் பாருங்கள். அதில் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும்.

முதல் மாதம்: எதை எந்த வரிசையில் கற்றுத் தருவது

"பார்த்துப் பார்த்துக் கத்துக்கோ" என்று விடுவதுதான் வழக்கம். பழைய அசிஸ்டென்டின் தவறுகள் புதியவருக்கு வந்து சேரும் வழியும் அதுவே.

முதல் மூன்று நாள் சேர் பக்கம் வரவேண்டாம். கை கழுவுவது, கையுறை மாட்டுவது, முக்கியமாகக் கழற்றுவது, கையுறையோடு போனையும் கதவுக் கைப்பிடியையும் தொடாமல் இருப்பது. பிறகு குப்பை. ரத்தம் தோய்ந்த பஞ்சும் எடுத்த பல்லும் மஞ்சள் பையில். கையுறை, சக்ஷன் டிப், ஊசி நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு, உடைந்த வேர் சிகிச்சை ஃபைல், கம்பித் துண்டு வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில். மரப்பு மருந்தின் கண்ணாடிக் குப்பி நீலத்தில். பாதரசம் கலந்த அமால்கம் அடைத்த பல்லை மஞ்சள் பையில் போடக் கூடாது. அந்தப் பை எரிக்கப்படும், பாதரசம் காற்றில் போகும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் நீங்கள் இல்லாதபோதும் சரியாகச் செய்வார்.

இதே வாரத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை. அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. செலவு உங்களுடையது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன: ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சி, அதேபோல் உடல் பரிசோதனை. துப்புரவுப் பணியாளரை இதில் விட்டுவிடுகிறார்கள். பை கட்டுகிற கைதான் அதிகம் குத்துப்படும். அவருக்கும் போட வேண்டும்.

நான்காம் நாளிலிருந்து ஸ்டெரிலைசேஷன். 121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ. என்றால் பவுச் போட்ட கருவிக்கு 30 நிமிடம். 134 டிகிரி, வேக்யூம் ஆட்டோகிளேவ் என்றால் 4 நிமிடம். இது அந்தச் சூட்டில் நிற்க வேண்டிய நேரம் மட்டும், மொத்தச் சுற்று நேரம் அல்ல என்பதைப் புதியவருக்கு இரண்டு முறை சொல்லுங்கள். பவுச்சுகளை அடுக்கிக் குவிக்காமல் புத்தகம்போல நிற்கவைக்க வேண்டும். ஆவி நடுவில் புகாவிட்டால் வெளி பவுச்சின் நிறம் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தேதி, எத்தனையாவது சுற்று, வெப்பம், அழுத்தம், கையெழுத்து என ஒரு நோட்டு. வாரம் ஒருமுறை, சூட்டைத் தாங்கும் கிருமியும் செத்ததா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட். அதன் முடிவை அசிஸ்டென்டே நோட்டில் ஒட்டட்டும். தான் செய்த வேலை சரியாக இருந்தது என்பதற்கு அவர் கையில் கிடைக்கும் ஒரே சான்று அது.

இரண்டாம் வாரம் ட்ரே. ஒவ்வொரு சிகிச்சைக்கும், அதாவது ஸ்கேலிங், ஃபில்லிங், ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை), பல் எடுத்தல், கிரவுன் கட்டிங் ஆகியவற்றுக்கு, முழுமையாக அடுக்கிய ட்ரேயைப் போட்டோ எடுத்து லேமினேட் செய்து சுவரில் ஒட்டுங்கள். பாதி கேஸில் "அது எங்கே, இது எங்கே" என்று டாக்டர் குரல் உயர்த்துவதில் பெரும்பகுதி இந்த ஒரு போட்டோவில் நின்றுவிடும்.

மூன்றாம் வாரம் சேர் பக்கம். சக்ஷனை நாக்கின் வேர்ப்பக்கம் கொண்டுபோனால் நோயாளிக்குக் குமட்டும். கடைவாய்ப் பல்லின் பின்னால் நிறுத்தப் பழக்குங்கள். வாய் அளவு எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கலக்குவதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித் தர வேண்டும். பவுடரும் தண்ணீரும் கம்பெனி கொடுத்த அளவுக் கரண்டியிலும் கோப்பையிலும்தான், கண்ணளவு கூடாது. கிண்ணத்தின் சுவரோடு அழுத்தித் தேய்த்து முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரில் கலந்தால் ட்ரேயில் எடுக்கும்போதே இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீர் எடுங்கள். அளவு எடுத்தபின் கழுவி, கிருமிநீக்கி தெளித்து, 10 முதல் 15 நிமிடத்துக்குள் ஸ்டோன் (பல் மாதிரி செய்யும் மாவு) ஊற்ற வேண்டும். தாமதித்தால் நீர் வற்றிச் சுருங்கும், தண்ணீரில் ஊறவிட்டால் உப்பும். இரண்டிலும் லேபிலிருந்து வரும் பல் செட் பொருந்தாது. பழி லேப் மேல் விழும். இதை விளக்கிச் சொன்னால், "நான் கலக்கறதுலதான் செட்டே இருக்கு" என்ற எண்ணம் அவருக்கு வரும். சம்பள உயர்வுக்கு அடுத்தபடியாக ஆளை நிலைக்க வைப்பது அந்த எண்ணம்தான்.

நான்காம் வாரம் போன், அப்பாயின்ட்மென்ட், சிகிச்சைக்குப் பின் சொல்ல வேண்டியவை.

இங்கே ஒரு எல்லைக்கோடு. ஸ்கேலிங் செய்வது, மரப்பு ஊசி போடுவது, கிளிப் கம்பி மாற்றுவது ஆகியவை அசிஸ்டென்டின் வேலை அல்ல. கூட்டம் அதிகமான நாளில் "நீயே ஸ்கேலிங் பண்ணிடு" என்று விடுவது சட்டப்படி தவறு. பதிவு பெற்ற டென்டல் ஹைஜினிஸ்டுக்கு மட்டுமே, அதுவும் டாக்டரின் மேற்பார்வையில், பல் சுத்தம் செய்ய இடமுண்டு. சட்டத்தைவிட முக்கியமானது: ஈறு கிழிந்து நோயாளி சத்தம் போடும்போது முன்னால் நிற்கப் போவது அந்தப் பெண். எக்ஸ்ரே எடுக்கும்போது சென்சாரைப் பிடிக்க அவருடைய விரலை நோயாளியின் வாய்க்குள் விடச் சொல்வதும் அப்படித்தான். ஹோல்டர் வாங்குங்கள், இல்லாவிட்டால் நோயாளியே பிடிக்கட்டும். கர்ப்பம் உறுதியானதும் தயங்காமல் சொல்லலாம், எக்ஸ்ரே, அமால்கம் வேலையிலிருந்து மாற்றிவிடுவோம், சம்பளம் குறையாது என்று சேரும்போதே சொல்லி வையுங்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பார்.

ஊசி குத்தினால்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசி குத்தியதை மறைக்கும் இடத்தில் வேறெதையும் மறைப்பார்கள்.

தடுப்பது முதலில். மரப்பு ஊசியின் மூடியை இரண்டு கையால் மாட்டக் கூடாது. மூடியை ட்ரேயில் கிடத்தி, ஒரு கையால் ஊசியை அதற்குள் செலுத்தித் தூக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் ஊசி போட்ட டாக்டர். திறந்த ஊசியை ட்ரேயில் விட்டுவிட்டு எழுந்து போகும் டாக்டர்தான் அசிஸ்டென்டைக் குத்துகிறார். கருவிகளைத் தேய்க்கும்போது மெல்லிய பரிசோதனைக் கையுறை போதாது. கனமான ரப்பர் கையுறை, கண்ணாடி, நீளக் கைப்பிடி பிரஷ்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதி ஸ்டெரிலைசேஷன் அறைச் சுவரில் ஒட்டுங்கள். கையுறையைக் கழற்று. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. பிழியாதே, வாயில் வைக்காதே, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதே. கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இரு. உடனே டாக்டரிடம் சொல், கேஸ் நடுவில் என்றாலும் சொல்.

அதன்பின் உங்கள் வேலை. நோயாளியின் சம்மதத்தோடு அவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. அன்றே ஊழியருக்கும் அடிப்படைப் பரிசோதனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை அரசு மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முடிக்காதவர் என்றால் இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த ஆன்டிபாடி ஊசி) வேண்டியிருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஆகவே "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. யாராவது ஒருவர் வண்டியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே காத்திருக்கும் நோயாளிகள் காத்திருக்கட்டும். பரிசோதனை முடிவு நோயாளியுடையதானாலும் ஊழியருடையதானாலும் உங்களைத் தாண்டி ரிசப்ஷனுக்குக்கூடப் போகக் கூடாது, எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. "பாத்து வேலை செய்யக் கூடாதா?" என்ற ஒரு சொல் போதும், அடுத்தமுறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நேரமும் சம்பளமும்

பல் கிளினிக்கின் பெரிய சிக்கல் இடைவேளை. காலை 10 முதல் 1.30, மாலை 5 முதல் 9. டாக்டர் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்கி வருவார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அசிஸ்டென்டுக்கு அந்த மூன்றரை மணி நேரம் வீட்டுக்குப் போய் வரப் போதாது, உட்கார இடமும் இல்லை. ஏழரை மணி நேர வேலைக்கு அவர் வீட்டைவிட்டு 12 மணி நேரம் வெளியே இருக்கிறார். சம்பளம் போதவில்லை என்று சொல்லி நிற்பவர்களில் பலர் உண்மையில் நிற்பது இதனால்.

ஒருவரை 9.30 முதல் 5.30 வரையும் மற்றவரை 1.30 முதல் 9 வரையும் வைத்துப் பாருங்கள். மதிய நேரத்தில் ஸ்டெரிலைசேஷன், ஸ்டாக், லேப் வேலை, மறுநாள் அப்பாயின்ட்மென்ட் போன் எல்லாம் முடியும். மாலைக் கூட்டத்துக்கு ஒரே அசிஸ்டென்ட் போதாத கிளினிக்கில் மாலை மட்டும் வரும் பகுதி நேரத்தவர் ஒருவரைச் சேர்க்க வேண்டும். மாற்றவே முடியாது என்றால் விசிறி, பாய், சாப்பாடு சூடாக்க அடுப்பு உள்ள ஒரு அறையாவது கொடுங்கள். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லாத கிளினிக்கில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கிளினிக் கட்டும்போதே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

சம்பளம் 1-ஆம் தேதி, காலையில், வங்கிக் கணக்கில். 7-ஆம் தேதிவரை இழுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மகளிர் குழுத் தவணை, வீட்டு வாடகை, சீட்டு எல்லாம் 5-ஆம் தேதிக்குள் வருகின்றன. அவர் உங்களிடம் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால் மரியாதை அங்கேயே குறைந்துவிட்டது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்பார்கள். எதிர்பார்த்து வையுங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மிகாமல், நான்கைந்து தவணையில் பிடிப்பது, நோட்டில் இருவர் கையெழுத்து. எல்லாருக்கும் ஒரே விதி. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பதில்தான் பகை தொடங்கும்.

தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்பது எழுதாத வழக்கம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதமும் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, வழக்கம் எல்லாருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே கொடுங்கள். முதல் நாள் இரவு கொடுத்தால் துணி எடுக்க நேரமில்லை.

ஊழியர் 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வரும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. 12,000 ரூபாய் சம்பளத்தில் நீங்கள் 390, அவர் 90. குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினால் 90 ரூபாய்ப் பிடித்தம் வருத்தமாகத் தெரியாது. 10 பேர் உள்ள இடத்தில் 26 வார மகப்பேறு விடுப்பும், பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழுவும் கட்டாயம். அதற்குக் குறைந்த ஊழியர் உள்ள கிளினிக்கில் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். அந்த விவரத்தை ஊழியர் அறையில் ஒட்டி வையுங்கள். நோயாளியோ கன்சல்டன்டோ தவறாக நடந்தாலும் அது உங்கள் பொறுப்புதான்.

உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். மிரர் கீழே விழும், லைட் க்யூர் கை தவறும். இருநூறு ரூபாய் பிடித்த அன்றிலிருந்து விரிசல் விட்ட பொருள்கள் அலமாரியின் பின்புறம் போகத் தொடங்கும். புரி விரிந்து முறுக்குத் தளர்ந்த ஆர்.சி.டி. ஃபைலைக் காட்டாமல் மறுபடி பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்த நோயாளியின் வேருக்குள் அது முறியும். இருநூறு ரூபாய்க்கு மேல் செலவு அது.

டாக்டரின் வாய்

பல் மருத்துவத்தில் திட்டு எப்போதும் சாட்சியோடு நடக்கிறது. நோயாளி வாயைத் திறந்தபடி விழித்துப் படுத்திருக்கிறார். அவர் தலைக்கு மேல் டாக்டர் அசிஸ்டென்டை அதட்டுகிறார். அவமானப்பட்டவர் அசிஸ்டென்ட், பயந்தவர் நோயாளி. "இங்க என்னமோ தப்பா நடக்குது" என்று அவர் கையை இறுக்கிக்கொள்வார்.

சேர் பக்கம் ஒரே விதி: நோயாளி முன்னிலையில் திருத்தம் இல்லை. பொருள் தவறாக வந்தால் பெயரைச் சொல்லிச் சரியான பொருளைக் கேளுங்கள், அவ்வளவுதான். திருத்தம் அன்று இரவே, தனியாக, ஒரு விஷயம் மட்டும். பழைய கணக்கைச் சேர்க்க வேண்டாம். 'வா, போ' என்று அழைக்கும் பழக்கம் வயதைப் பார்த்து வருகிறது. நோயாளி முன் 'வாங்க, போங்க' என்றே பேசுங்கள். நீங்கள் அப்படி அழைத்தால் நோயாளிகளும் அவரை "ஏம்மா, இந்தாம்மா" என்று விரட்டாமல் "சிஸ்டர்" என்பார்கள்.

தவறைச் சொல்கிறவருக்கு என்ன பதில் என்பதை முன்பே முடிவு செய்து வையுங்கள். "பவுச் ஓடலை சார்" என்றால் "நல்லவேளை சொன்னீங்க, வேற எடுங்க." இவ்வளவே. ஏன் ஓடவில்லை என்ற விசாரணை மறுநாள் காலைக்கு.

காலையில் கதவு திறக்கும் முன் பத்து நிமிடம், நின்றபடி. இன்று யார் யார், எந்தக் கேஸ், லேபிலிருந்து வர வேண்டிய கிரவுன் வந்ததா, சர்க்கரை நோயாளி, ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர் யாராவது உண்டா, நேற்று எது தடைப்பட்டது. துப்புரவுப் பணியாளரும் நிற்கட்டும். பேசும் முறை தினம் ஒருவருக்கு.

கணவன் மனைவி இருவருமே டாக்டராக உள்ள கிளினிக்கில் இன்னொரு சிக்கல்: சார் ஒன்று சொல்வார், மேடம் மாற்றிச் சொல்வார், கல்லாவில் உட்கார்ந்த பெரியவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். ஊழியர் யாரிடம் நல்ல பெயர் வாங்குவது? விடுப்பு, சம்பளம், நேரம் இவற்றுக்கு ஒருவர்தான் பொறுப்பு என்று முடிவு செய்து, மற்றவர் "அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லப் பழக வேண்டும். வீட்டுக்கு அரிசி வாங்கி வரவும், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் கிளினிக் ஆளை அனுப்புவதை முதல் நாளிலிருந்தே தவிர்க்கவும்.

முன் மேசை

ரிசப்ஷனிஸ்ட் வாங்கும் திட்டு பெரும்பாலும் டாக்டரின் தாமதத்துக்கானது. அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் முகம் வீங்கி வருபவருக்காக ஒவ்வொரு வேளையும் இரண்டு அரை மணி இடைவெளியைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அவரே எழுந்து போய்க் காத்திருப்பவர்களிடம் சொல்லட்டும்.

கட்டணக் குறைப்பு அவர் கையில் எவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். அவர் குறைக்க மறுத்தபின் டாக்டர் உள்ளேயிருந்து "பரவாயில்ல, ஐந்நூறு விட்டுடு" என்றால் நோயாளி முன் அவர் கெட்டவராகிறார். அடுத்தமுறை யாரும் அவரிடம் பேசவே மாட்டார்கள். பணக் கணக்கு தினமும் இரவு இருவர் சேர்ந்து: ரொக்கம், கியூஆர் வரவு, பாக்கி. கியூஆர் வரவு டாக்டரின் போனில் மட்டும் தெரிவது சந்தேகத்துக்கு வித்து. மேசையில் வரவைச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டி வையுங்கள், அல்லது வரவைக் காட்டும் தனி போன் கொடுங்கள்.

கன்சல்டன்ட் வரும் நாள்

ஞாயிற்றுக்கிழமை கிளிப் டாக்டரோ சர்ஜனோ வருவார். ஊழியருக்கு அது விடுமுறை நாள். வரச் சொன்னால் மாற்று விடுமுறையும், அன்றைக்கென்று ஒரு தொகையும் முன்பே பேசி வையுங்கள். காலை 10 மணிக்கு வருவதாகச் சொல்லி 12-க்கு வரும் கன்சல்டன்டிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அசிஸ்டென்டால் பேச முடியாது. அவருடைய ட்ரே போட்டோவும் சுவரில் இருக்கட்டும். இம்ப்ளான்ட் போன்ற நீண்ட கேஸுக்கு முதல் நாளே கருவிகளை அடைத்து முடித்துவிட வேண்டும்.

சோர்வு எங்கே முதலில் தெரியும்

வாயில் தெரியாது; வேலையின் ஓரங்களில் தெரியும். ஆட்டோகிளேவ் நோட்டில் மூன்று நாள் கையெழுத்து ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருக்கும். தீர்ந்தபின்தான் சொல்வார், தீரப் போகிறது என்று சொல்ல மாட்டார். திங்கட்கிழமை விடுப்பு கூடும். இருவர் ஒன்றாகச் சாப்பிடுவது நிற்கும். இவற்றில் இரண்டு தெரிந்தால் கூட்டம் போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கால் மணி நேரம் பேசுங்கள்: எந்த வேலை கடினமாக இருக்கிறது, எந்த வேலை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கிறது, வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது. சொன்னவற்றில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்யுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

இரண்டு அசிஸ்டென்டுகளுக்கு இடையே சண்டை என்றால் பெரும்பாலும் கருவி கழுவுவது யார் என்பதுதான். சீனியர் சேர் பக்கம் நிற்பார், புதியவர் சிங்க் பக்கமே நிற்பார். வாரம் மாற்றி மாற்றிப் போடுங்கள், சீனியருக்கும் விலக்கு இல்லை. கூட்டம் முடிந்த இரவில் டாக்டரே நின்று நான்கு ட்ரே தேய்த்துக் கொடுத்தால், அந்த வேலை கீழான வேலை என்ற எண்ணம் அந்த அறையில் இருக்காது.

போகிறவரை அனுப்புவது

நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் முதலில் காரணம் கேளுங்கள், வாதாடாதீர்கள். கல்யாணம், ஊர் மாற்றம் என்றால் வாழ்த்தி அனுப்பலாம். குழந்தை வளர்ந்தபின் திரும்பி வந்து பல ஆண்டு வேலை செய்பவர்கள் உண்டு. பக்கத்துக் கிளினிக்கில் ஆயிரம் ரூபாய் கூட என்றால், மற்றவர்களின் சம்பளத்தையும் அன்றே பார்க்க வேண்டும். போகிறவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்து இருக்கவைத்தால் இருப்பவர்களும் நிற்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

நீங்களே ஒருவரை வேலையைவிட்டு நிறுத்த வேண்டி வந்தால், பணத்தில் கைவைத்தல், நோயாளி விவரத்தை வெளியே சொல்லுதல், தெரிந்தே ஸ்டெரைல் ஆகாத கருவி கொடுத்தல் போன்றவற்றுக்குத் தயக்கம் வேண்டாம். மற்றவற்றுக்கு ஒருமுறை வாயால், ஒருமுறை எழுத்தால் சொல்லி, ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். மற்ற ஊழியர் முன் பேச வேண்டாம்.

கடைசி நாளிலேயே கணக்கை முடித்து, பாக்கிச் சம்பளத்தையும் எடுக்காத விடுப்புக்கான பணத்தையும் கொடுங்கள். என்னென்ன வேலை தெரியும் என்று விவரமாக எழுதிய அனுபவக் கடிதம் ஒன்று. அதோடு ஹெபடைடிஸ் பி தவணைகளும் ஆன்டிபாடி அளவும் எழுதிய அட்டையை மறக்காமல் கையில் கொடுங்கள். ஒரு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். மூன்றாவது தவணைக்கு முன்பே போகிறார் என்றால், அது எந்தத் தேதியில் வருகிறது என்று அட்டையில் குறித்து, அன்று இங்கேயே வந்து போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.